படுக்கை கிடைத்த பிறகும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளி பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் இன்றும் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். 'தொற்று கடுமையாக இருந்தது' என்று ஒரு வரியில் பதில் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது நியாயமில்லை. கிருமி செய்தது ஒரு பங்கு. குழாயிலும் வால்விலும் மருந்துச் சீட்டிலும் டூட்டி பட்டியலிலும் இருந்த ஓட்டைகள் செய்தது இன்னொரு பங்கு. அந்த இரண்டாவது பங்கைப் பற்றித்தான் இந்தப் பக்கம். அதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நோயாளி பாதுகாப்பு என்றால் என்ன? கொரோனாவில் இறந்தவர்கள் நோயால்தானே இறந்தார்கள்?

நோயால் வரும் கேடு வேறு. சிகிச்சை பெறும் இடத்தில், சிகிச்சை தரப்படும் விதத்தால் வரும் கேடு வேறு. மருந்து மாறிப் போவது, அளவு கூடிப் போவது, வார்டில் புதிய தொற்று ஒட்டிக்கொள்வது, கருவி நின்றுபோவது, கவனிக்க ஆளில்லாமல் போவது எல்லாம் இரண்டாவது வகை. சாதாரண நாள்களிலேயே சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒரு கேடு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வார்டு நிரம்பி வழியும்போது, புதிதாக வந்த செவிலியர் அறிமுகமில்லாத கருவியைக் கையாளும்போது, இது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டில் அப்போது ஆக்சிஜனே இல்லையா?

ஆக்சிஜன் இருந்தது. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் இல்லை.

முதல் அலையின் உச்சத்தில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 3,095 டன் மருத்துவ ஆக்சிஜன் தேவைப்பட்டது. இரண்டாம் அலையில் அது 9,000 டன்னை நெருங்கியது என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. திரவ ஆக்சிஜனை அதிகம் தயாரிக்கும் உருக்காலைகள் ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று கிழக்கே இருந்தன. நோயாளிகள் டெல்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் இருந்தார்கள். திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரி குளிரில் வைத்துத்தான் கொண்டுபோக முடியும். அதற்கென்றே செய்யப்பட்ட டேங்கர் வேண்டும். அந்த டேங்கர்கள் போதவில்லை. காலி டேங்கர்களை விமானப்படை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஆக்சிஜன் ரயில்கள் ஓடின. மே மாதம் தண்டையார்பேட்டைக்கும் வந்தன. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது. 2018இல் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊருக்கு அந்த முடிவு எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்லாமல் இந்தச் செய்தியைக் கடக்க என்னால் முடியவில்லை.

டேங்கர் மருத்துவமனைக்குள் வந்து நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பல உயிர்கள் போயின.

தொட்டியில் ஆக்சிஜன் இருந்தும் வார்டில் அழுத்தம் குறைந்தது எப்படி?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் அலையில் நடந்த பல மரணங்களின் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

பெரிய மருத்துவமனைகளின் பின்புறம் வெள்ளை நிறத்தில் உயரமாக ஒரு தொட்டி நிற்கும். உள்ளே இருப்பது திரவம். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். அப்படி வாயுவாக மாற்றுவதற்குத் தொட்டியின் பக்கத்தில் அலுமினியத் தகடுகள் வரிசையாக வைத்த ஓர் அமைப்பு உண்டு, வேப்பரைசர் என்பார்கள். வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கித் திரவத்தை வாயுவாக்குவது அதன் வேலை. இழுக்கப்படும் அளவு கூடக்கூடத் தகடுகள் மீது பனி படியும். பனி தடித்தால் வெப்பம் உள்ளே போகாது, அழுத்தம் இறங்கும். சித்திரை வெயிலில், வெளியே மனிதர்கள் வியர்த்து நிற்கும்போது, இந்தத் தகடுகளில் பனிக்கட்டி உறைந்து நிற்பதைப் பல மருத்துவமனை ஊழியர்கள் அந்த ஆண்டு பார்த்தார்கள். சில இடங்களில் தண்ணீரை ஊற்றிப் பனியைக் கரைத்தார்கள்.

அடுத்தது குழாய். எல்லாப் படுக்கைகளும் ஒரே நேரத்தில் முழு அளவில் ஆக்சிஜனை இழுக்கும் என்று எண்ணி எந்த மருத்துவமனையும் குழாய் பதிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 5 லிட்டர். மொத்தம் 1,000 லிட்டர். இவர்களில் 40 பேரின் நிலை மோசமாகி, மூக்கு வழியே அதிவேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவிக்கு மாறுகிறார்கள் என்று வையுங்கள். அது உச்ச அளவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும். இப்போது மொத்தத் தேவை 3,200 லிட்டர். படுக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை. இழுப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆறு நாள் வரவேண்டிய 10 ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது. அதைவிட மோசம், குழாயின் கடைசியில் இருக்கும் படுக்கைகளுக்கு அழுத்தம் முதலில் இறங்கிவிடும். 'எத்தனை ஆக்சிஜன் படுக்கைகள் உள்ளன' என்று தினமும் அறிக்கை வெளியிட்டார்கள். 'இந்தக் குழாய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும்' என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. படுக்கையை எண்ணியவர்கள் குழாயை எண்ணவில்லை.

சிலிண்டருக்கும் இதே கணக்குதான். ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். 5 லிட்டர் வீதம் விட்டால் 23 மணி நேரம் வரும். 60 லிட்டர் வீதம் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இரவு டூட்டியில் ஒருவரே இருந்தால், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி முடிப்பதற்குள் அடுத்த படுக்கையில் முள் சிவப்புக்கு வந்திருக்கும்.

சில நிமிடத் தடங்கல் அத்தனை பேரைக் கொல்லுமா?

கொல்லும். ஆரோக்கியமான நுரையீரலுக்குச் சேமிப்பு உண்டு. கொரோனாவில் வெந்துபோன நுரையீரலுக்கு அது கிடையாது. முழு ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் அளவு 88, 90 என்று தத்தளிப்பவருக்குச் சில நிமிடங்கள் நின்றால் இதயம் தாளாது.

திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் 2021 மே 10 இரவு 11 பேர் இறந்தார்கள். டேங்கர் வரத் தாமதமானதால் அழுத்தம் இறங்கியது. சுமார் ஐந்து நிமிடத் தடங்கல் என்றார்கள் அதிகாரிகள். நாசிக்கில் மாநகராட்சியின் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் ஏப்ரல் 21 அன்று தொட்டியின் வால்வில் கசிவு ஏற்பட்டது. வெண்புகைபோல் ஆக்சிஜன் வளாகமெங்கும் பரவிக்கொண்டிருக்க, உள்ளே அன்றே 22 பேர் இறந்தார்கள். அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை; தொட்டியில் நிறைய இருந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே 4 இரவு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் கூறினார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள்.

இப்படிப்பட்ட இரவுக்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். அழுத்தம் குறைந்தவுடன் வார்டிலேயே ஒலிக்கும் எச்சரிக்கை மணி. தானாகவே மாற்று சிலிண்டர் வரிசைக்குத் தாவும் அமைப்பு. ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் படுக்கைக்கும் எட்டும் தூரத்தில் ஒரு சிறு சிலிண்டரும் கையால் அழுத்தும் ஆம்பு பையும். முதல் இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது பெரும்பாலும் ஒழுங்கு சம்பந்தப்பட்டது. மணி ஒலித்தால் யார் எந்தப் படுக்கைக்கு ஓட வேண்டும் என்று முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகைபோல் ஆக்சிஜன் ஒத்திகை நடத்தும் மருத்துவமனைகள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

'ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறக்கவில்லை' என்று அரசு சொன்னதே?

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் தரப்பட்ட பதிலின் சாரம் இது: சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, மாநிலங்கள்தான் மரணங்களைத் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய் இருக்காது. இறப்புச் சான்றிதழில் 'கொரோனா நிமோனியா, மூச்சுத் திணறல்' என்று எழுத இடம் உண்டு. 'இரவு 11 மணிக்கு அழுத்தம் இறங்கியது' என்று எழுத இடம் இல்லை. படிவத்தில் இடமில்லாத காரணம் கணக்கிலும் ஏறாது. ஆனால் மாநிலங்கள் கேட்கப்பட்டிருக்க வேண்டும். தோண்டித் துருவிக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். மகனை இழந்த தாய் தொலைக்காட்சியில் அந்தப் பதிலைக் கேட்டபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

எண்ணிக்கையைச் சரியாக வைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். தமிழ்நாட்டில் முதல் அலையின்போது சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டது. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. அந்த நாளில் அரசைப் பலர் திட்டினார்கள். விடுபட்டது தவறு, ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சேர்த்தது சரியான செயல். நாடு முழுவதற்கும் அப்படி ஒரு சரிபார்ப்பு நடக்கவில்லை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடச் சுமார் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கைப்போல் அது ஏறத்தாழ பத்து மடங்கு. மத்திய அரசு அந்த மதிப்பீட்டையும் கணக்கிட்ட முறையையும் ஏற்கவில்லை.

கொரோனா வார்டுகளில் ஏன் அத்தனை தீ விபத்துகள்?

காற்றில் இயல்பாக 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. மூடிய அறைக்குள் இருபது பேர் முகக்கவசம் வழியே ஆக்சிஜன் வாங்கும்போது, கசிவது அறையிலேயே தங்குகிறது. சில விழுக்காடு கூடினாலே, புகைந்து அணைய வேண்டிய பொறி திரைச்சீலையிலும் மெத்தையிலும் பற்றிக்கொள்ளும். அத்துடன் இரவு பகலாக ஓயாமல் ஓடிய ஏ.சி., வென்டிலேட்டர்களைத் தாங்காத பழைய மின்கம்பிகள், சானிடைசர், திறக்க முடியாத ஜன்னல்கள்.

அகமதாபாத்தில் 2020 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 8 பேர் இறந்தார்கள். மும்பையை அடுத்த விராரில் 2021 ஏப்ரல் 23 அன்று குறைந்தது 13 பேர். குஜராத்தின் பரூச்சில் மே 1 அன்று 18 பேர். அவர்களில் இருவர் செவிலியப் பணியில் இருந்த பெண்கள். முதல் விபத்துக்கும் கடைசி விபத்துக்கும் இடையே ஒன்பது மாதங்கள் இருந்தன. மின்சாரச் சுமையைத் தணிக்கை செய்ய ஒன்பது மாதம் போதாதா?

ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்றோம். அது வீணா?

உங்கள் மீது ஒரு பிழையும் இல்லை. 'இந்த மருந்தை வாங்கி வாருங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது, நீங்கள் ஓடினீர்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ரெம்டெசிவிர் மரணத்தைக் குறைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு 2020 அக்டோபரிலேயே காட்டியது. நவம்பர் 20 அன்று, மருத்துவமனையில் உள்ளவர்களுக்கு அதைத் தர வேண்டாம் என்று நிறுவனம் பரிந்துரைத்தது. (பின்னாளில், நோய் முற்றாதவர்களுக்கு ஆரம்பத்திலேயே தந்தால் பயனுண்டு என்ற திருத்தம் வந்தது, அது வேறு கதை.) ஆறு மாதம் கழித்து, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி கவுன்ட்டர் முன்னால் விடிய விடிய மக்கள் காத்திருந்தார்கள். பிறகு விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. கூட்டம் அங்கேயும் முண்டியடித்தது. ஓரிரு நாள்களில் தமிழக அரசு அந்த முறையையே நிறுத்தி, மருந்தை நேராக மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டியது அதுதான். வரிசையில் நின்றவர்களில் பலர் கொரோனா நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

குணமானவரின் ரத்தத் திரவத்தை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா தானத்துக்கும் இதே நிலைமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்வு நடத்திப் பயனில்லை என்று 2020இலேயே வெளியிட்டது. வழிகாட்டு நெறியிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்.

ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்றார்கள். பிறகு அதனால்தான் கருப்புப் பூஞ்சை வந்தது என்றார்கள். எது சரி?

இரண்டும் சரி. இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு 2020 ஜூன் 16 அன்று வெளியிட்ட முடிவு, அந்த ஆண்டின் மிகப் பெரிய நற்செய்தி. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கடைசி வாக்கியத்தைத்தான் நம் ஊர் காதில் வாங்கவில்லை. காய்ச்சல் தொடங்கிய மறுநாளே மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கினார்கள். சில இடங்களில் அளவு பல மடங்கு எழுதப்பட்டது. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நாட்டில் இது என்னவாகும்? 2021 ஜூலைக்குள் இந்தியாவில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்புப் பூஞ்சை கண்டறியப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ இழந்தார்கள். அதற்கான ஆம்போடெரிசின் மருந்துக்கு மறுபடியும் ஓட்டம்.

ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தினமும் சர்க்கரை பார்த்திருந்தால் இதில் ஒரு பகுதியைத் தவிர்த்திருக்கலாம். குளுக்கோமீட்டரும் ஒரு சோதனைப் பட்டையும், அவ்வளவுதான் செலவு.

பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் முழுதாக இல்லை. கருவி விரல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி இயல்பான அளவைக் காட்டியும் ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டினருக்கு, வெள்ளையரில் 3.6 விழுக்காட்டினருக்கு. நம்மில் பலரின் தோல் நிறத்தை நினைத்தால் இது நமக்கும் உரிய செய்தி. கருவி 95 காட்டினாலும் மூச்சு வாங்கினால், பேசும்போது வாக்கியம் பாதியில் நின்றால், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பார்க்கும் முறையும் முக்கியம். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரல். குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கவும். கையை அசைக்காமல், எண் நிலைக்கும்வரை காத்திருக்கவும். 94க்குக் கீழ் இறங்கினால் தாமதிக்கக்கூடாது.

108 ஆம்புலன்ஸுக்குள்ளேயே மணிக்கணக்கில் காத்திருந்தோம். தமிழ்நாடு தோற்றுவிட்டதா?

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் வரிசையாக ஆம்புலன்ஸ்கள் நின்ற காட்சியை யாரும் மறக்க முடியாது. ஆம்புலன்ஸிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வர, உள்ளே இடம் காலியாவதற்காகக் காத்திருந்தார்கள். மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. உயிரிழப்பின் உச்சம் அதற்குப் பிறகும் சில நாள் நீடித்தது.

முதல் அலையிலிருந்தே தமிழ்நாடு விரைவுப் பரிசோதனைக் கருவியை நம்பாமல் ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பின்பற்றியது. 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் இருந்ததால் கொள்முதலுக்கு ஒரு பழகிய வழி இருந்தது. தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடந்தது. இவை சாதாரணமானவை அல்ல. படுக்கை ஒதுக்கீட்டுக்கான கட்டளை மையமும், வந்தவுடன் இறக்கி ஆக்சிஜன் கொடுக்கும் 'ஜீரோ டிலே' வார்டும் மே மாதம் நல்ல முறையில் வேலை செய்தன. என் மனக்குறை ஒன்றுதான். முதல் அலை ஓய்ந்த பிறகு கிடைத்த அமைதியான மாதங்களில் இவற்றைத் தயாராக வைத்திருக்கலாம். அந்த நேரம் தேர்தலுக்குப் போனது.

மருத்துவர், செவிலியர் பாதுகாப்பு இதில் எங்கே வருகிறது?

முதலில் வருகிறது. உலக நோயாளி பாதுகாப்பு நாளான செப்டம்பர் 17க்கு, 2020இல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட கருப்பொருளே சுகாதாரப் பணியாளர் பாதுகாப்புதான். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 80 ஆயிரம் பணியாளர்கள் இறந்திருக்கக்கூடும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

கவச உடைக்குள் ஆறு மணி நேரம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் உடையை மாற்ற வேண்டும், அதனால் குடிப்பதில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து மருந்துப் புட்டியின் சிறிய எழுத்து தெரியாது. இரட்டைக் கையுறையில் நரம்பு தட்டுப்படாது. அந்த நிலையில் மருந்தின் அளவு மாறிப்போனால் அது தனி ஒருவரின் தவறா?

சென்னையில் 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் கையால் மண் தள்ளிக் குழியை மூடினார். பெருந்தொற்றுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. ஆக்சிஜன் அழுத்தம் இறங்கும் இரவில் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவத்தில் கற்றவர்கள் அவர்கள்தான். அந்த அறிவை அரசு வாசலுக்கு வெளியே அனுப்பியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொரோனா அல்லாத நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது?

ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறேன். 2019இல் இந்தியாவில் 24.04 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள், 2020இல் 18.05 லட்சம். காசநோய் குறையவில்லை, கண்டறிவது குறைந்தது. அந்த ஆறு லட்சம் பேர் இருமியபடி வீட்டில் இருந்தார்கள். டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் பஸ் இல்லாமல் தவித்தவர்கள் தனி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது. பெருந்தொற்று தந்த படிப்பினைகளில் உருப்படியாக நிலைத்தவற்றில் அதுவும் ஒன்று.

உறவினரை வார்டுக்குள் விடாதது சரியா?

தொற்றைத் தடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சோறு ஊட்டுவதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், 'அம்மா கண் சொருகுகிறது, வந்து பாருங்கள்' என்று செவிலியரை அழைத்து வருவதும் கூட இருக்கும் மகளோ மனைவியோதான். அவர்களை வெளியே அனுப்பினால் அந்த வேலையைச் செய்ய வேறொருவர் வேண்டும். பல வார்டுகளில் அந்த வேறொருவர் இல்லை. குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். எண்பது கிலோ எடையுள்ளவரைப் புரட்டிப் படுக்க வைக்க மூன்று பேர் வேண்டும். அடுத்த முறை ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர், அவருக்குக் கவச உடை, பத்து நிமிடப் பயிற்சி என்று விதி வர வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் ஊர் மருத்துவமனை தயாராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பி.எம்.கேர்ஸ் நிதியில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி இயந்திரங்கள் நாடு முழுவதும் மாவட்டந்தோறும் நிறுவப்பட்டன. காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து, சுமார் 93 விழுக்காடு தூய்மையில் தருபவை. ஓட்டாமல் விட்டால் இவை கெட்டுப்போகும். வடிகட்டிகளை மாற்ற வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஓட்டத் தெரிந்த ஒருவர் ஊதியப் பட்டியலில் இருக்க வேண்டும்.

கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ, மனுவிலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழோ இவற்றைக் கேளுங்கள். உங்கள் வட்டார அரசு மருத்துவமனையில் இயந்திரம் கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டப்பட்டது, எத்தனை மணி நேரம்? ஆக்சிஜனின் தூய்மை அளக்கப்பட்டதா? குழாய் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை லிட்டர் தாங்கும்? அழுத்த எச்சரிக்கை மணி வார்டுக்குள் கேட்கிறதா, இயந்திர அறையில் மட்டுமா? மின்சுமைத் தணிக்கை எப்போது நடந்தது? இரவு டூட்டியில் சிலிண்டர் மாற்றத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

குடும்பத்தில் ஒருவர் இப்போது ஆக்சிஜனில் இருக்கிறார். நான் எதைப் பார்க்க வேண்டும்?

சுவரில் உள்ள ஓட்ட அளவியில் ஒரு சிறு குண்டு மிதக்கும். மருத்துவர் எழுதிய லிட்டர் அளவில் அது நிற்கிறதா என்று பாருங்கள். கீழே தண்ணீர்ப் புட்டி இருந்தால் குமிழி வருகிறதா, தண்ணீர் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் தலையணைக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிலிண்டரானால் முள் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு மணிக்கும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது தீரும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஓட்டத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நாசி வறண்டால் வாசலின் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்வது தீக்கு இடம் கொடுக்கும். நீரில் கரையும் களிம்பைச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு போடுகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், இன்றைய சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள். டூட்டி மாறும்போது புதிதாக வரும் செவிலியரிடம் இதையெல்லாம் இன்னொரு முறை சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் தகவல் அதிகம் தவறிப்போகும்.